கிணற்றில் இறக்காத விளக்கு

எங்கள் வீட்டுச் சமையலறைப் பரணில் ஓர் அரிக்கேன் விளக்கு இருக்கிறது. கண்ணாடியில் ஒரு பக்கம் கீறல். தூக்கும் கம்பியில் நீளமான தேங்காய்நார்க் கயிறு கட்டி, அதை விளக்கைச் சுற்றியே சுற்றி வைத்திருக்கிறேன். விளக்குக்கு எதற்குக் கயிறு என்று மெட்ராஸ் உறவுக்காரர்கள் கேட்பார்கள். பெரியபாளையம் பக்கத்துக்காரர்கள் கேட்க மாட்டார்கள். எங்கள் பக்கம் பழைய கிணற்றில் தூர் எடுக்கவோ மோட்டார் பைப்பைக் கழற்றவோ ஆள் இறங்குவதற்கு முன்னால், இப்படி ஒரு விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவது வழக்கம். எரிந்துகொண்டே அடி வரை போனால் ஆள் இறங்கலாம். பாதியில் அணைந்தால் உள்ளே விஷக்காற்று நிற்கிறது என்று அர்த்தம். இலைக்கொத்தைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் ஆட்டிக் காற்றைக் கலைத்துவிட்டு, மறுபடி விளக்கை விட்டுப் பார்ப்பார்கள்.

என் அப்பா இறங்கிய அன்று விளக்கு இறங்கவில்லை. நான் விளக்கை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அப்பா இறங்கிவிட்டார், அவர் குரல் நின்றதும் அவரைத் தூக்க மாமா இறங்கிவிட்டார். இருவருமே திரும்பி வரவில்லை. அப்போது எனக்கு இருபது வயது. ஏற்றிய விளக்கைக் கையில் பிடித்தபடி கிணற்றுக் கட்டின் மேல் நின்றேன். இறங்கவில்லை. பெற்ற அப்பன் உள்ளே கிடக்கும்போது நின்று வேடிக்கை பார்த்தவன் என்று ஊர் எனக்குப் பெயர் வைத்தது. அந்தப் பெயரோடு அங்கே இருக்க முடியாமல், அம்மாவை அழைத்துக்கொண்டு கவரைப்பேட்டைக்கு வந்து, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கி வார்க்கும் ஆலை ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். பயந்தாங்கொள்ளி என்பதை நானே ஒப்புக்கொண்டுவிட்டதால் அங்கே யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இந்த விளக்கைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவுக்கு முன்னால் எனக்கு ஞாபகம் வருகிறவர் ஒரு போர்ச்சுகல்காரர். இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, எங்கள் ஆலைக்குப் புது உலை வந்தது. அதை நிறுவி ஓட்டிக்காட்ட ஆறு மாதத்துக்கு அவர் வந்தார். அறுபதை நெருங்கும் வயது, கட்டை குட்டையான உருவம், வெயில் பட்டால் மிளகாய்ப்பழமாகச் சிவக்கும் கழுத்து. ஆலையில் எல்லாருக்கும் அவர் ‘போர்ச்சுகல் சார்’. அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் ஒரே தரத்தில் உடைந்திருந்ததால், எங்களுக்குள் சுலபமாகப் பேச்சு ஓடியது. அதனாலேயே அவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விருந்தினர் விடுதி, ஆலை, இரண்டையும் தவிர வேறு எங்கும் வெளிநாட்டுக்காரரைக் கூட்டிப்போகக் கூடாது என்பது மேனேஜரின் கண்டிப்பான உத்தரவு. அவருக்கு ஏதாவது ஆனால் உன் சீட்டு கிழிந்தது என்று என்னிடம் தனியாகவும் சொல்லியிருந்தார். அவர் பாலைக் குடித்து வயிறு கெட்டாலும் என் வேலை போகும் என்ற கணக்கில் நான் முதல் மாதம் முழுவதும் அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் மாதம் அவர் கெஞ்ச ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அறையின் சுவர் தன்னைத் தின்கிறது என்றார். பக்கத்தில் பழவேற்காடு என்று ஓர் ஊர் இருக்கிறதாமே, டச்சுக்காரர்களுக்கு முன்னால் அங்கே எங்கள் ஆட்கள் இருந்தார்களாமே, ஒரே ஒரு தடவை என்றார். பெரிய மனுஷன் ஒருவர் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு கேட்கும்போது மறுக்க எனக்கு வாய் வரவில்லை. வண்டி எடுக்கும் ரிஜிஸ்டரில் போகும் இடம் என்ற கட்டத்தில் ‘பெரியபாளையம் கோயில்’ என்று எழுதினேன். கோயிலுக்குப் போனால் மேனேஜர் கோபிக்க மாட்டார் என்று ஒரு புத்தி. எழுதி முடித்த நிமிஷத்திலிருந்து, அந்தக் கோயில் பவானி அம்மன் பெயரில் பொய் எழுதிவிட்டேனே என்று வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. டிரைவருக்கு ஞாயிறு லீவு. நானே ஓட்டினேன். மாட்டு வண்டி எங்களை முந்திப் போனதாக சார் பின்னால் என்னிடம் சொல்லிச் சிரித்தது முழுப்பொய் அல்ல.

பழவேற்காட்டின் டச்சுக் கல்லறை வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்று மண்டை ஓட்டைத் தலைமேல் சுமந்து நிற்கும். சார் ஒன்றின் தோளில் கை போட்டுக்கொண்டு போட்டோ எடுக்கச் சொன்னார். அவர் அசையாமல் நிற்பதற்குள் நான் அவசரப்பட்டு அழுத்தியதில், படத்தில் எலும்புக்கூடு மட்டும் தெளிவாக விழுந்தது. உள்ளே ஒவ்வொரு கல்லாகக் குனிந்து படித்தார். வயதுகளை மட்டும் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். இருபத்து மூன்று, முப்பத்தொன்று, நான்கு மாதம். எங்கிருந்தோ கப்பலேறி வந்து, இந்த உப்புக் காற்றில் பேதி கண்டும் காய்ச்சல் கண்டும் போனவர்கள். அவரும் தூரத்திலிருந்து வந்தவர்தானே என்ற நினைப்பு எனக்கு வந்தது. வந்ததும் அதை விரட்டினேன். அது போகவில்லை.

கோட்டை இருந்த மேட்டில் முள் மண்டிக் கிடந்தது. அதற்குள் இடிந்த பழங்கிணறு ஒன்று. சார் எட்டிப் பார்க்கக் குனிந்தார். நான் யோசிக்கவே இல்லை, பின்னாலிருந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ, ஒன்றும் கேட்காமல் விலகி வந்தார். எங்களுக்கு வழி காட்ட வந்திருந்த கடைக்காரர் பாய்க்குத்தான் சிரிப்புத் தாங்கவில்லை. தொழுகை நேரம் பார்க்கும் நிழல் கடிகாரத்தைப் பள்ளிவாசலில் காட்டிவிட்டு, வீட்டுக்கு அழைத்துப்போய் டீ கொடுத்தவர் அவர்.

“இன்னா தம்பி, கொழந்தய திருவிழாவுக்கு கூட்டியாந்த மாதிரி அவர புடிச்சிக்கினே சுத்துற?” என்றார்.

சிரித்து மழுப்பினேன். திரும்பும் வழியில் சார், கிணறு என்றால் உனக்கு என்ன என்று ஒரே ஒரு தடவை கேட்டார். ரோட்டில் கண் வைத்து ஓட்ட வேண்டும் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

ஒருமுறை சிக்காமல் தப்பியதில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்க வேண்டும், அதுதான் ஆபத்து. ஆர்.கே.பேட்டைக்கு அந்தப் பக்கம், ஆந்திர எல்லையைத் தாண்டிய சில மைல்களில், ஒரு தோட்டத்தில் திராட்சை போட்டு ஒயின் செய்கிறார்கள் என்று யாரோ சாரின் காதில் போட்டுவிட்டார்கள். அவர் அப்பா சொந்தமாக ஒயின் செய்தவராம். பிழிந்த திராட்சையின் வாசனைக்காக மூக்கு ஏங்குகிறது என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடியும் ரிஜிஸ்டரில் அம்மன் கோயிலை எழுதினேன். பெரியபாளையத்தைத் தாண்டும்போது கோபுரத்தின் பக்கம் பார்க்காமலே ஓட்டினேன். மேற்கே போகப் போகக் குன்றுகள் வந்தன, வெயில் ஏறியது. உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது.

தோட்டத்துக்காரர் ஊரில் இல்லை. மேஸ்திரி ஒருவரும் கூலியாட்கள் இருவரும் இருந்தார்கள். லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீளமான தகரக் கொட்டகை, உள்ளே தரைக்குக் கீழே தோண்டிக் கட்டிய நாலு சிமெண்டுத் தொட்டிகள், மேலே வட்டமாக வாய். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கொஞ்சம் பெரிதாக நினைத்துக்கொண்டால் போதும். ஒரு தொட்டியில் புளித்து முடிந்த சாற்றை அன்று காலைதான் இறைத்திருந்தார்கள். அடியில் தோலும் கொட்டையும் கறுப்பாகப் படிந்து கிடந்தன. கொட்டகைக்குள் காலெடுத்து வைத்ததும் ஒரு புளித்த நெடி மூக்கின் உள்பக்கத்தைக் குத்தியது. சார் கண்ணை மூடி அதை இழுத்தார். நான் ஓரடி பின்னால் வந்தேன். இதே நெடி அல்ல, ஆனாலும் கிணற்றுக் கட்டில் நின்றபோது மூக்கில் இப்படித்தான் குத்தியது.

ஏணி இருந்தது. சார் செருப்பைக் கழற்றிவிட்டார். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டார். சின்ன வயதில் அப்பாவோடு தொட்டிக்குள் நின்று தோல் வாரியதைச் சொல்லிக்கொண்டே ஏணியில் கால் வைத்தார். அவர் ஊரில் தொட்டிகள் தரைக்கு மேலே நிற்குமாம், அடியில் கதவாம், சாறு போகும்போது கெட்ட காற்றும் அதன் வழியே போய்விடுமாம். இதை எல்லாம் நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அந்த நிமிஷத்தில் ஒயின் தெரிந்தவர் இறங்குகிறார், எனக்கென்ன தெரியும் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் நாக்கு நிற்கவில்லை. ஒரு விளக்கு ஏற்றி உள்ளே விட்டுப் பார்க்கலாமா என்று மேஸ்திரியிடம் மெல்லக் கேட்டேன்.

“இன்னா நைனா, கெணறுன்னு நெனச்சிக்கினியா? தெனம் எங்காளுங்க எறங்குற தொட்டி” என்றார். ஆட்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாயை மூடிக்கொண்டேன். அந்த மூன்று நான்கு நொடி வெட்கத்தை நினைத்தால் இன்றைக்கும் என் உடம்பு கூசுகிறது.

சார் அடியில் போய் நின்றார். ஒரு கை தோலை அள்ளி முகர்ந்தார். என்னை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். பிறகு களைத்தவர் உட்காருவதுபோல அப்படியே உட்கார்ந்தார், பக்கவாட்டில் சாய்ந்தார். சத்தமே இல்லை. அப்பாவும் இப்படித்தான் சத்தமில்லாமல் போயிருப்பார் என்பது அப்போது எனக்குத் தெரிந்தது.

கூலியாட்களில் இளையவர் ஏணிக்குப் பாய்ந்தார். நான் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தரையில் சாய்த்தேன். என் வாழ்க்கையில் யாரையும் அடித்தவனல்ல, அன்றைக்கு அவர் மேல் ஏறி உட்கார்ந்தேன். அவர் என் கையைக் கடித்தார். ‘ஒரு உசிரு போவுது, உடுடா பாவி’ என்று கத்தினார். யாரும் இறங்கக் கூடாது, இறங்கினால் நீங்களும் பிணம் என்று நான் கத்திய சத்தம் எனக்கே அந்நியமாகக் கேட்டது. கொட்டகை மூலையில் திராட்சைக் கொடிக்கு மருந்து அடிக்கும், முதுகில் மாட்டுகிற இன்ஜின் ஒன்று இருந்தது. பெரிய குழாயில் காற்றைப் பீய்ச்சும் வகை. மருந்தில்லாமல் அதை ஓட்டி, குழாயைத் தொட்டிக்குள் விடச் சொன்னேன். மேஸ்திரி தடுமாறித் தடுமாறிக் கயிற்றை இழுத்தார், மூன்றாம் இழுப்பில் இன்ஜின் பிடித்தது. சாரின் தோளில் குறுக்காக மாட்டிய கேமராப் பை இருந்தது. அதன் பட்டையில், மாங்காய் பறிக்கிற துறட்டியைக் கோத்தோம். மூன்று பேர் இழுத்தோம். தலை தொட்டி வாய்க்கு வந்ததும் இருவர் கையைப் பிடித்தார்கள். அவர் உதடு நாவல்பழம் தின்றவர் உதடாக இருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் போட்டோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்குத் தெரிந்த சாமி அத்தனையையும் கூப்பிட்டேன். பொய் எழுதியது நான்தான், அவரை விட்டுவிடு என்று பவானி அம்மனிடம் வாய்விட்டே சொன்னேன். அவர் இருமினார். வாந்தி எடுத்தார். பிறகு அவர் மொழியில் யாரையோ அழைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதேன். என் கையைக் கடித்த ஆள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆர்.கே.பேட்டையில் ஒரு டாக்டர் பிராணவாயு வைத்துச் சாயங்காலம் வரை பார்த்து அனுப்பினார்.  திரும்பும் வழியில் ஊத்துக்கோட்டை தாண்டியதும், நீ ஏன் இறங்கவில்லை என்று சார் கேட்டார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. ஆனாலும் பதினாலு வருஷமாக ஊர் கேட்ட அதே கேள்வி. வண்டியைப் புளியமரத்தடியில் ஓரங்கட்டி நிறுத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன். விளக்கு எடுத்து வா என்று அப்பா அனுப்பினார். வீட்டுக்கு வந்து விளக்கையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் மண்ணெண்ணெயும் ஊற்றிக்கொண்டேன். கடைக்குப் பக்கத்து டீக்கடை டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. நின்றேன். ஒரு ஓவர் என்று நின்றவன் நாலைந்து ஓவர் நின்றுவிட்டேன். அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. முந்தின வாரம் இறங்கிய கிணறுதானே என்று இறங்கிவிட்டார்.

 இது உன் அம்மாவுக்குத் தெரியுமா என்று மட்டும் சார் கேட்டார். தெரியாது என்றேன். அம்மாவுக்குத் தெரிந்துவிடுமோ என்பதுதான் என் பயங்களுக்கெல்லாம் அடியில் கிடந்த பயம் என்பதை, அதைச் சொன்னபோதுதான் நானே உணர்ந்தேன். மேனேஜரோ வேலையோ அம்மன் கோபமோ எல்லாம் அதற்கு மேலே கிடந்தவை.

திங்கட்கிழமை சார் நேரே மேனேஜர் அறைக்குப் போய், தான்தான் கட்டாயப்படுத்தியதாகச் சொல்லிவிட்டார். எனக்கு மெமோ வந்தது, வேலை தப்பியது. அவர் கம்பெனிக்காரர்கள் அவரைப் பதினைந்தே நாளில் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கவரைப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கேசரி செய்து வைத்திருந்தார். தொட்டியில் நடந்ததை அம்மாவிடம் நான் ஏற்கெனவே மேலோட்டமாகச் சொல்லியிருந்தேன். சாருக்கு விளக்கைப் பார்க்க வேண்டுமாம். பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு கயிற்றைத் தடவினார். உங்கள் மகனால்தான் உயிரோடு இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

அம்மா அவரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார்.

“இவன் மேல எந்தத் தப்பும் இல்லன்னு சொல்லு அவராண்ட. வெளக்கெடுக்க ஓடித்தான் வந்தான். இருந்த கெரசின நான் ஸ்டவ்வுல ஊத்திட்டேன். கடைக்குப் போயி வாங்கிக்கினு போடான்னு நாந்தான் அனுப்புனேன். அந்த நேரத்துலதான் அவரு எறங்கிட்டாரு. ஒரு படி எண்ணெய எடுத்து வெக்காம உட்டேன், ரெண்டு உசிரு போச்சு. இத்தன வருசமா இவன் மூஞ்சியப் பாக்கவே எனுக்கு பயம்.”

ஒரு வார்த்தையும் விடாமல் அதை நான் மொழிபெயர்த்தேன். எப்படிச் செய்தேன் என்று இன்றும் தெரியவில்லை. சார் விளக்கைத் தரையில் வைத்தார். இதற்கு மேல் இங்கே மொழிபெயர்க்கிற ஆள் வேண்டியதில்லை, நான் வெளியே நிற்கிறேன் என்றார். எழுந்து போய்க் காருக்குப் பக்கத்தில் எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார்.

 அம்மாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். கடைக்குப் போக அஞ்சு நிமிஷம், எண்ணெய் வாங்க ரெண்டு நிமிஷம், மீதி நேரம் டீக்கடையில் மேட்ச் பார்த்தேன் என்று சொன்னேன். குனிந்துகொண்டுதான் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன், அழுவார் என்று நினைத்தேன். அம்மா முந்தானையை எடுத்து விளக்கின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். கீறல் இருந்த இடத்தில் விரல் பட்டுவிடாமல் துடைத்தார்.

“யாரு கெலிச்சாங்க?” என்றார்.

தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. அதற்குப் பிறகு அம்மா அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

சார் போன பிறகு இரண்டு கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. எங்கே நின்றது, ஏன் நின்றது என்று விசாரிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அம்மா போய் ஐந்து வருஷம் ஆகிறது. ஆலையில் என்னைத் தொட்டிக்குள் இறங்கிக் கழுவும் ஆட்களுக்கு அனுமதிச் சீட்டு எழுதும் வேலைக்கு மாற்றினார்கள். யாரும் விரும்பாத வேலை, நான் விரும்பிச் செய்கிறேன். அங்கே காற்றைச் சோதிக்க மீட்டர் இருக்கிறது. தீப்பிடிக்கும் வாயு நிற்கிற இடத்தில் விளக்கை இறக்கினால் அதுவே கொள்ளி ஆகிவிடும். அதனால் என் விளக்கு வீட்டிலேயே இருக்கிறது. மீட்டரை நான் மூன்று தடவை இறக்குவதைப் பார்த்துப் பையன்கள் கேலி பேசுவார்கள். பேசட்டும் என்று விட்டுவிடுவேன்.

மாதம் ஒருமுறை விளக்கை இறக்கித் துடைக்கிறேன். அம்மா துடைத்தது மாதிரியே கீறலில் விரல் படாமல் துடைக்க வருகிறது. ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை, எங்கெங்கோ அலைந்து ஒரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். திரியை நனைத்து, கொஞ்சம் எரியவிட்டு, அணைத்துப் பரணில் ஏற்றிவிடுவேன். அந்த நாளின் மேட்ச்சில் யார் ஜெயித்தார்கள் என்பது இப்போது கைபேசியில் தேடினால் ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிடும். ஒவ்வொரு தடவையும் எடுத்துத் தேதியை மட்டும் தட்டிவிட்டு, பயமாக இருக்கிறது என்று கீழே வைத்துவிடுகிறேன்.